அப்பா மாற்றிய தக்கை

ஃபொந்தோதின், மெதோக்
1972 பிப்ரவரி 21

அன்புள்ள தம்பி ஆன்செல்முக்கு,

அக்கா ஒர்த்தான்ஸ் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீயும் உன் வீட்டுக்காரி எர்சிலியாவும் சுகமா? கிறிஸ்துமஸ் கடிதத்தில் திராட்சைக் கொடிகளுக்கு வந்த நோயெல்லாம் எழுதினாய். உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த மாதம் நம் பழைய ஒயின்களுக்கெல்லாம் தக்கை மாற்றுகிறோம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் அடைத்தவை. தக்கை நைந்து, ஒயின் பாட்டிலின் தோள் வரை இறங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு வருஷத்து ஒயினிலும் ஒரு பாட்டிலைப் பலி கொடுத்துத்தான் மற்றதை நிரப்ப வேண்டும். நிலவறை மேஸ்திரி ஜெரோ அதைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, திறந்து கொடுத்தேன்.

நேற்று, கிணற்றுப் பக்கத்துச் சுவரை ஒட்டி, காலிப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒரு வரிசை பாட்டில்கள் அகப்பட்டன. சீட்டு இல்லை, பெயர் இல்லை. ஆணியில் ஒரு சிலேட்டு. அதில் அப்பாவின் கையெழுத்தில் 37.

ஆன்செல்ம், உன் ஒயின். அப்பா இடுப்பு ஒடிந்து படுத்திருந்த வருஷம் நீ தனியாக ஆக்கியது. மொத்தமாகப் பீப்பாயோடு விற்றுவிட்டார் என்றல்லவா இத்தனை வருஷமும் நாம் நினைத்திருந்தோம்.

இன்னொன்றையும் கேள். அந்த நிலவறையில் மற்ற எல்லாப் பாட்டிலிலும் பழைய தக்கை. இந்த வரிசையில் மட்டும் ஒயின் கழுத்து வரை நிற்கிறது. ஜெரோ ஒன்றைத் திறந்து தக்கையை என் கையில் வைத்தான். "அம்மா, இது புதுசு. யாரோ முன்னாடியே மாத்திட்டாங்க" என்றான். தக்கையில் சுட்டிருந்தது 1958 என்று. வீட்டுப் பெயர் இல்லை, வருஷம் மட்டும்.

ஐம்பத்தெட்டு பனிக்காலத்தில் அம்மா பொர்தோ ஆஸ்பத்திரியில் கிடந்தாள், நான் அவள் பக்கத்தில். இந்த வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

திறந்ததை நாங்கள் இன்னும் ருசி பார்க்கவில்லை. வேறு தக்கை போட்டு மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் வாயில் வைக்க மனசு வரவில்லை. உடனே பதில் போடு.

உன் அக்கா,
ஒர்த்தான்ஸ்

---

மெண்டோசா
1972 மார்ச் 8

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். முழங்காலுக்குச் சூடு வை. உங்களுக்குக் குளிர் விடும் நேரத்தில் இங்கே அறுவடை உச்சத்தில் இருக்கிறது. கூலியாட்களோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, மூக்கும் அடைத்திருக்கிறது. அதனால் இந்த வருஷமும் ருசி பார்ப்பதெல்லாம் எர்சிலியாதான். அவள் மூக்கு என்னுடையதைவிடக் கூர்மை; அதை அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த ஒயினைப் பற்றி என்ன சொல்ல. கஸ்னாவும் மற்றத் தரகர்களும் சுற்றி நிற்க, அப்பா பீப்பாயிலிருந்து ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது ஒயின் இல்ல, மை. எழுதலாம், குடிக்க முடியாது." எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கஸ்னாவ். "சூப்புல ஊத்திக் குடிக்கக்கூட ஆவாது போலிருக்கே தம்பி" என்றார். திராட்சைத் தோல் ஊறியது ஒரு வாரம் கூடிவிட்டது, துவர்ப்பு ஏறிவிட்டது, எனக்கே தெரியும். ஆனால் அது காலத்தில் இறங்கும் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? அடுத்த வருஷம் கப்பல் ஏறிவிட்டேன்.

ஜெரோதான் ஒன்றைத் திறந்துவிட்டானே, திறந்தது திறந்ததாகவே இருக்கட்டும். குடித்துப் பார். மையாக இருந்தால் இருக்கிறது என்று எழுது. எனக்காகச் சர்க்கரை தடவாதே.

தம்பி,
ஆன்செல்ம்

---

ஃபொந்தோதின்
1972 மார்ச் 27

என் அருமைத் தம்பிக்கு,

உன் மூக்கடைப்பு விட்டதா? தேனும் ரம்மும் கொதிக்க வைத்துக் குடி. மற்ற நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

அப்பா இருந்தவரை நான் நிலவறைக்குள் பாட்டில் எடுக்க மட்டும் போனவள். ருசி பார்ப்பவர்கள் பேசுகிற பேச்சு எனக்கு வராது. எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். முதலில் வந்தது, அம்மா போர்வைகளுக்கு நடுவே வைத்து மறந்துவிடுவாளே, அந்த ஆப்பிள் வாசனை. அலமாரியைத் திறந்ததும் வருமே, அது. பிறகு, காய்ந்த கொடிக்குச்சியைக் கொளுத்தி ஆட்டுக்கறி சுட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின் கிடக்கும் சாம்பல். எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்து, மழையில் நனைந்து வந்த அப்பாவின் தோல் கோட்டு. துவர்ப்பா? எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. ஜெரோ தொப்பியைக் கழற்றினான். அவன் மாதா கோயிலிலேயே தொப்பியைக் கழற்ற யோசிப்பவன்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் அந்த வரிசைக்கு மறுபடி தக்கை மாற்றச் சொன்னேன். "அம்மா, பெரியவர் போட்டது இன்னும் இருபது வருஷம் தாங்கும். அதைக் கிளறாதீங்க" என்று ஜெரோ மன்றாடினான். நான் விடவில்லை. அப்பாவின் தக்கையில் வெறும் வருஷம்தானே இருக்கிறது. உன் ஒயினுக்கு இந்த வீட்டுப் பெயர் வேண்டாமா? ‘ஃபொந்தோதின் 1937’ என்று சுட்ட புதுத் தக்கைகள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். நான் மாடியிலிருந்தே கேட்டேன், சுத்தியலோடு சேர்த்து என்னையும் திட்டிக்கொண்டிருந்தான்.

எடுத்த தக்கைகளில் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். முகர்ந்து பார். இன்னும் வாசனை இருக்கிறது.

நீ வர வேண்டும். கஸ்னாவுக்கு எண்பத்துநான்கு ஆகிவிட்டது. அவர் கண்ணை மூடுவதற்குள், அதே வீட்டில், அவர் எதிரில் நீ உன் ஒயினைத் திறக்க வேண்டும். முப்பத்துமூன்று வருஷமாக நான் இந்த வீட்டில் ஒரு நாற்காலியைக் காலியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போதும்.

அக்கா,
ஒர்த்தான்ஸ்

---

மெண்டோசா
1972 ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

தக்கை வந்தது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எர்சிலியா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. ஐம்பத்தெட்டிலேயே தெரிந்திருக்கிறது. ஒன்றைத் திறந்து குடித்திருக்கிறார், நல்ல ஒயின் என்று கண்டிருக்கிறார், அந்தக் குளிரில் தனியாகக் குனிந்து ஒவ்வொன்றாக நிரப்பித் தக்கை அடித்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். தக்கைக்குக் காட்டிய அக்கறையில் ஒரு தபால்தலை அளவு எனக்குக் காட்டியிருக்கலாம். அம்மாவின் சாவைத் தந்தியில் ஐந்து வார்த்தையில் சொன்ன மனுஷர், கூட இரண்டு வார்த்தை போட்டிருந்தால் நான் அடுத்த கப்பலில் வந்திருப்பேன். நான் என்ன, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றா சொன்னேன்? "குடித்தேன்" என்று ஒரு வார்த்தை போதுமே.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வர வேண்டும். அழுகைதான் வருகிறது.

நீ எழுதிய அந்த வாசனைகளை இன்னொரு முறை விவரமாக எழுது. என்ன ஆப்பிள்? சிவப்பா, சுருங்கிய மஞ்சளா? சாம்பல் சூடாகவா, ஆறியதா? எது முன்னே, எது பின்னே? அவசரப்படாமல் எழுது.

வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். வேலை இருக்கிறது.

ஆன்செல்ம்

---

ஃபொந்தோதின்
1972 மே 9

அன்புத் தம்பி,

இங்கே சுகம். கொடிகள் பூக்கத் தொடங்கவில்லை, அதற்குள் ஜெரோ ஆலங்கட்டி மழைக்குப் பயந்து தூங்காமல் திரிகிறான்.

ஆப்பிள் சுருங்கிய மஞ்சள். போர்வையில் கஞ்சி வாடையும் கொஞ்சம் சேர்ந்து வரும். சாம்பல் ஆறியது, ஆனால் கொழுப்பு சொட்டின சாம்பல். தோல் கோட்டு கடைசியில். அப்பா கதவைச் சாத்திய பிறகு, அடுப்புப் பக்கம் தொங்கவிட்ட கோட்டு. போதுமா? தக்கையைத்தான் அனுப்பினேனே, உன் மூக்கு என்ன மேயப் போயிருக்கிறதா?

செப்டம்பர் கடைசியில் அறுவடை. அதற்கு வா. வேலை, வேலை என்காதே. நீ இல்லாவிட்டால் மெண்டோசாவில் ஒயின் விளையாதா?

ஒர்த்தான்ஸ்

---

ஃபொந்தோதின்
1972 ஜூலை 18

ஆன்செல்ம்,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கடிதம் இல்லை. சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. நீயும் அப்பா மாதிரியே ஆகிவிட்டாயா? எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத மனிதர்கள் இந்தக் குடும்பத்தில் ஒருவர் போதும்.

ஒரு வரி போடு.

அக்கா

---

மெண்டோசா
1972 ஆகஸ்ட் 5

அக்கா, திட்டாதே. கொஞ்சம் அலைச்சல், வேறொன்றுமில்லை. இப்போது நலம்.

வருகிறேன். அக்டோபர் முதல் வாரம். விமானத்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. எர்சிலியா வரவில்லை, தோட்டத்தை யாராவது பார்க்க வேண்டுமே. கஸ்னாவிடம் சொல்லி வை, அதுவரை சாகக் கூடாது என்று.

தம்பி

---

ஃபொந்தோதின்
1972 அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. உன் அறையின் படுக்கையை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

மிகவும் இளைத்திருக்கிறாய். எர்சிலியாவிடம் சொல்லிச் சூப் வைக்கச் சொல். அந்தக் கரகரத்த குரலை வைத்தியரிடம் காட்டு.

கஸ்னாவ் தன் ஊன்றுகோலோடு ஊர் ஊராகப் போய், நீ திறந்த ஒயினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாராம். ஆட்டுக்கறியை அன்று நான் கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டேன், அதற்கு மன்னித்துவிடு. நீ மேசையில் பேசியதெல்லாம் என் காதிலேயே இருக்கிறது. நீ சந்தோஷமாகப் போனாய் அல்லவா? எனக்கு அது போதும்.

இங்கே மழை. உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.

ஒர்த்தான்ஸ்

---

மெண்டோசா
1972 நவம்பர் 17

அருமை அக்காவுக்கு,

சூப் குடிக்கிறேன். நீ உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

சந்தோஷமா என்று கேட்கிறாய். என் வாழ்நாளில் அந்த ஒரு மத்தியானத்துக்கு ஈடாக இன்னொன்று இல்லை. கஸ்னாவ் எழுந்து நின்று, "ஆன்செல்ம், அன்னிக்குச் சிரிச்சது என் தப்பு" என்றாரே, அதைக் கேட்க அப்பாவும் இருந்திருக்கலாம். அந்தப் பெரிய மனுஷர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாரே! நீ முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். ஜெரோ தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. ஒரு ஒயினுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்.

ஒரு உபகாரம். மிச்சம் இருப்பதில் ஒன்றை எனக்கு அனுப்ப முடியுமா? ஜெரோவின் மைத்துனன் புவெனஸ் ஐரிஸ் கப்பலில் வேலை பார்க்கிறானே, அவன் கையில் கொடுத்துவிடு. எர்சிலியா குடித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் அந்த ஒயினின் கதையை மட்டும் கேட்டு வாழ்ந்தவள். அவள் மூக்கு பொய் சொல்லாது.

தம்பி,
ஆன்செல்ம்

---

ஃபொந்தோதின்
1972 டிசம்பர் 3

என் அன்பு எர்சிலியாவுக்கு,

உனக்கு நான் தனியாக எழுதுவது இதுவே முதல். இந்தக் கடிதம் பாட்டிலோடு ஜெரோவின் மைத்துனன் கையில் வருகிறது. ஆன்செல்ம் பார்க்காதபடி வாங்கிக்கொள். நீயும் அவனும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், நம்பு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒயினை ஆக்கியவன் கையாலேயே திறந்து, அவனே ஊற்றி, முதல் வாய் அவன்தான் குடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் மூக்கை நீட்டுவதில்லை. அன்று மத்தியானம் ஆன்செல்ம் திறந்தான். ஊற்றும்போதே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி. பூட்டிக் கிடந்த வீட்டில் மக்கிய கோணி. தக்கை நோய் பிடித்த ஒயின் எர்சிலியா, சின்னக் குழந்தைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜெரோவின் முகம் வெளுத்துவிட்டது. நான், "வேற திறக்கலாம்டா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் கிளாஸை மூக்கில் வைத்து, கண்ணை மூடினான். "போர்வைக்குள்ள வச்ச ஆப்பிள்" என்றான். "சுருங்கின மஞ்சள் ஆப்பிள்." ஒரு வாய் குடித்தான். "கறி சுட்ட சாம்பல், ஆறினது." பிறகு கண்ணில் நீரோடு, "அப்பாவோட கோட்டு, அக்கா" என்றான்.

என் வார்த்தைகள். நான் மே மாதம் எழுதியனுப்பிய வார்த்தைகள், அதே வரிசையில்.

அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு வாசனையே இல்லை. எவ்வளவு நாளாக என்று தெரியாது. அந்தத் தக்கையை அனுப்பி முகர்ந்து பார் என்றேனே, மூக்கு மேயப் போயிருக்கிறதா என்று கேலி வேறு செய்தேனே.

கஸ்னாவ் என்னைப் பார்த்தார். ஐம்பது வருஷத் தரகர், அவருக்குத் தெரியாதா? கிளாஸைக் கையில் எடுத்தார். அந்த நாற்றத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஜெரோவும் குடித்தான். நானும் குடித்தேன். வீட்டுக்குப் போகும்போது வாசலில் கஸ்னாவ், "உங்க தம்பி சொன்ன ஒயின் நல்ல ஒயின்தான் அம்மா. நான் குடிச்சதுதான் அது இல்ல" என்றார்.

அவன் போன பிறகு மற்றதையெல்லாம் திறந்து பார்த்தோம். எல்லாம் அதே நாற்றம். நான் ஆசைப்பட்டுப் போட்ட புதுத் தக்கைகள், வீட்டுப் பெயர் சுட்ட தக்கைகள், அத்தனையும் கெடுத்துவிட்டன. அப்பாவின் தக்கைகளை விட்டுவைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முப்பத்தைந்து வருஷம் இருட்டில் பொறுத்திருந்ததை நான் ஆறு மாதத்தில் கொன்றுவிட்டேன். மனம் ஆறவில்லை எர்சிலியா.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. திறக்க எனக்குத் தைரியம் இல்லை. எதை அனுப்பட்டும் என்று கேட்டபோது ஜெரோ அதன் வாயில் மெழுகு பூசிப் பொட்டலம் கட்டிவிட்டான். இதுவும் நாறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடி. ஆப்பிள், சாம்பல், கோட்டு. வரிசை மாறாமல் சொல்லிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அவனுக்கு என்ன உடம்பு? எனக்கு உண்மையைச் சொல்.

உன் நாத்தனார்,
ஒர்த்தான்ஸ்

---

மெண்டோசா
1973 ஜனவரி 14

பிரியமுள்ள ஒர்த்தான்ஸ் அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

மூக்குக்குப் பின்னால் ஒரு கட்டி. இரண்டு வருஷத்துக்கு முன் அறுத்து எடுத்தார்கள். அன்றோடு வாசனை போயிற்று. வாசனை தெரியாதவன் ஆக்கும் ஒயினை யார் வாங்குவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்தான் அவருக்கு மூக்கு. போன மே மாதம் கட்டி திரும்ப வந்தது. உங்களுக்குக் கடிதம் வராத அந்த நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. இனி அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றுதான் விமானச் சீட்டு எடுத்தார். உங்கள் மே மாதக் கடிதத்தை விமானம் ஏறும்வரை மனப்பாடம் செய்தார். அவர் ஒப்பிக்க நான் சரி பார்க்க வேண்டும், பிள்ளைக்குப் பாடம் கேட்பது மாதிரி.

பாட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. உங்கள் கடிதத்தைக் குளியலறையில் படித்துவிட்டுப் பொய் சொல்லத் தயாராக வந்து உட்கார்ந்தேன். அவர் மெழுகைச் சுரண்டித் தக்கையை எடுத்தார். எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுப் பெயர் இல்லை அண்ணி. 1958 என்று மட்டும். உங்கள் ஜெரோ ஒன்றை மட்டும் உங்களுக்குத் தெரியாமல் தொடாமலே விட்டுவைத்திருக்கிறார்.

ஊற்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிட்டே கொண்டுபோனேன். பிடித்த மூச்சை விட்டேன். என்ன சொல்லட்டும்? நான் உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, அந்த அலமாரியைத் திறந்ததில்லை. எல்லாம் அந்தக் கிளாஸில் இருந்தது. ஒப்பிக்க வேண்டிய வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. அழவும் தெரியாமல், சிரிக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வருஷமாக முகங்களைப் பார்த்துத்தான் ஒயினைத் தெரிந்துகொள்கிறார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தக்கையைப் பார்த்தார். "அன்னிக்கு மேசையில ஒருத்தர் முகமும் இப்படி இல்லையே, எர்சிலியா" என்றார்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அக்கா புதுத் தக்கை போட்டுது" என்றார் தனக்குத்தானே. அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அந்தக் கிழவன்! முழு கிளாஸையும் குடிச்சான்டி! அந்த நாத்தத்தை எனக்காக முழுசாக் குடிச்சான்!" சிரித்துச் சிரித்துக் கடைசியில் என் மடியில் தலையை வைத்து அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவர் அழுது பார்த்ததில்லை.

மாலையில் என்னை இன்னொரு வாய் குடிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். பாட்டில் தீரும்வரை அப்படியே. "அப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பார், ஐம்பத்தெட்டுல" என்றார். நீங்கள் அனுப்பியதும் இதுவுமாக, இரண்டு தக்கைகளும் இப்போது அவர் சட்டைப்பையில்.

படுக்கப் போகும்போது, "அக்காகிட்ட சொல்லிடாத. அது உடைஞ்சு போயிடும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்துவிட்டு இதை எழுதுகிறேன். கர்த்தர் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நாளை அவர் உங்களுக்குக் கடிதம் போடுவார். ஒயின் அன்று உங்கள் மேசையில் இருந்த மாதிரியே இருந்தது என்று எழுதப்போகிறார். ஆமாம் என்று பதில் போடுங்கள் அண்ணி. சீக்கிரம் போடுங்கள்.

உங்கள்
எர்சிலியா